16 மி.மீ. கம்பியில் 16 எங்கே இருக்கிறது? கட்டுமானக் கம்பியின் அளவும் எடையும்

கான்கிரீட்டுக்குள் வைக்கப்படும் கம்பிகளில் 16 மி.மீ. என்று பெயர் பெற்ற ஒன்றை எடுத்து வெர்னியர் அளவுகோலால் அளந்து பார்த்தால், 16 என்ற எண் பெரும்பாலும் எங்குமே கிடைக்காது. ரிப் எனப்படும் புடைப்பு வரிகளுக்கு நடுவே உள்ள தண்டுப் பகுதியை அளந்தால் 16-க்குச் சற்றுக் குறைவான அளவு வரும். புடைப்புகளின் மேல் வைத்து அளந்தால் 17-ஐயோ அதற்கு மேலான ஓர் எண்ணையோ காட்டும். கம்பியைச் சுற்றிச் சுற்றி அளந்தால் இடத்துக்கு இடம் எண் மாறிக்கொண்டே போகும். இதைக் கண்டு ஆலை ஏமாற்றிவிட்டது என்று முடிவு செய்பவர்களும் உண்டு. புடைப்பின் மேல் அளந்துவிட்டு, வாங்கியதைவிடப் பெரிய கம்பி கிடைத்திருக்கிறது என்று மகிழ்பவர்களும் உண்டு. இரண்டு முடிவுகளுக்கும் அடிப்படை இல்லை, ஏனெனில் 16 மி.மீ. என்பது அந்தக் கம்பியின் மீது அளக்கக்கூடிய ஒரு நீளமே அல்ல.

அது ஒரு பெயரளவு விட்டம். புடைப்புகள் இல்லாத வழவழப்பான வட்டக் கம்பி ஒன்று, ஒரு மீட்டர் நீளத்துக்கு இந்தப் புடைப்புக் கம்பியின் அதே எடையைக் கொண்டிருக்குமானால், அந்த வட்டக் கம்பிக்கு என்ன விட்டம் இருக்குமோ அதுவே புடைப்புக் கம்பியின் பெயரளவு விட்டம் என்று தரநிலைகள் வரையறுக்கின்றன. வேறு விதமாகச் சொன்னால், முதலில் எடை வருகிறது. விட்டம் அந்த எடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடப்படுகிறது. கம்பியின் அளவு, எடை என்று நாம் இரண்டு செய்திகளாக நினைப்பவை உண்மையில் ஒரே செய்தியின் இரண்டு எழுத்து வடிவங்கள். இதைப் புரிந்துகொண்டால், கம்பியைச் சோதிப்பதற்கு வெர்னியரைவிடத் தராசு ஏன் நம்பகமானது என்பதும், எடைக்குறைவு ஏன் வெறும் வியாபாரப் பிரச்சினையாக மட்டும் நின்றுவிடுவதில்லை என்பதும் விளங்கும்.

எடைக்கும் விட்டத்துக்கும் இடையே நிற்கும் பாலம் எஃகின் அடர்த்தி. கட்டுமான எஃகின் அடர்த்தியை ஒரு கன மீட்டருக்கு 7850 கிலோ என்று எல்லாத் தரநிலைகளும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்கின்றன. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுப் பரப்பும் ஒரு மீட்டர் நீளமும் கொண்ட எஃகுத் துண்டின் எடை, அந்தக் கணக்குப்படி 0.00785 கிலோ. விட்டத்தின் வர்க்கத்தை 0.7854-ஆல் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு. அதை மீண்டும் 0.00785-ஆல் பெருக்கினால் மீட்டருக்கான எடை. இந்த இரண்டு எண்களையும் ஒன்றோடொன்று பெருக்கி, வரும் விடையால் 1-ஐ வகுத்தால் 162.2 என்று வரும். விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு இத்தனை கிலோ என்று பணியிடங்களில் மனப்பாடமாகச் சொல்லப்படும் சூத்திரம் இதுதான். அந்த 162-இல் மர்மம் எதுவும் இல்லை. அடர்த்தியும் வட்டத்துக்குரிய π என்ற எண்ணும் அதற்குள் ஒளிந்திருக்கின்றன, அவ்வளவே. நீளத்தை அடியில் கணக்கிடுபவர்கள் 162-க்குப் பதிலாக 532-ஆல் வகுக்கிறார்கள். ஒரு மீட்டர் 3.28 அடி என்பதால் வரும் மாற்றம் அது.

இந்தக் கணக்குப்படி 8 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.395 கிலோ, 10 மி.மீ. 0.617 கிலோ, 12 மி.மீ. 0.888 கிலோ, 16 மி.மீ. 1.58 கிலோ, 20 மி.மீ. 2.47 கிலோ, 25 மி.மீ. 3.85 கிலோ, 32 மி.மீ. 6.31 கிலோ, 40 மி.மீ. 9.86 கிலோ. வர்க்கத்தின் வேகத்தைக் கண் எளிதில் உணர்வதில்லை என்பதால் இந்த வரிசையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 10-லிருந்து 20-க்குப் போகும்போது விட்டம் இரண்டு மடங்கு, எடையோ நான்கு மடங்கு. 12 மீட்டர் நீளமுள்ள 8 மி.மீ. கம்பியின் எடை 4.74 கிலோ, அதே நீளத்தில் 32 மி.மீ. கம்பி ஏறத்தாழ 75.8 கிலோ. முன்னதை ஒருவர் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கலாம், பின்னதை இருவர் மூவர் சேர்ந்துதான் நகர்த்த முடியும். ஒரு டன் எஃகில் 8 மி.மீ. கம்பியாக 2,530 மீட்டருக்கு மேல் கிடைக்கும்; 20 மி.மீ. கம்பியாக 405 மீட்டர்தான் கிடைக்கும். மதிப்பீட்டில் ஒரே ஒரு வரியில் அளவு தவறிப்போனால் மொத்த டன் கணக்கே புரண்டுபோவது இதனால்தான்.

எஃகின் தரம் உயர்ந்தால் எடை கூடுமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. கூடாது. தரத்தைக் குறிக்கும் வலிமை எண் 415 ஆயினும் 500, 550 ஆயினும் அவற்றுக்கு இடையே வேதிச் சேர்க்கையில் உள்ள வேறுபாடு அடர்த்தியை மாற்றும் அளவுக்குப் பெரியதல்ல. வெந்நிலையில் உருட்டி நீரால் திடீரெனக் குளிர்வித்து வலிமை ஏற்றும் டிஎம்டி முறையும் எடையில் கை வைப்பதில்லை. ஆகவே ஒரே அளவில் ஒரு நிறுவனத்தின் கம்பி மற்றொன்றைவிடத் தெளிவாக இலேசாக இருந்தால், அது உயர்ந்த தொழில்நுட்பத்தின் விளைவு என்று சொல்லப்படும் விளக்கத்தை ஏற்க வேண்டியதில்லை. எஃகு குறைவாக இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை.

8, 10, 12, 16, 20, 25, 32, 40 என்ற எண்கள் ஏன் இப்படித் தாவித் தாவிச் செல்கின்றன என்பது பலர் கேட்காமலே விட்டுவிடும் கேள்வி. அடுத்தடுத்த எண்களுக்கு இடையேயான வித்தியாசத்தைப் பார்த்தால் ஒழுங்கே இல்லாதது போலத் தோன்றும்; விகிதத்தைப் பார்த்தால் ஒழுங்கு தெரியும். ஒவ்வொரு படியும் முந்தையதைப் போல் ஏறத்தாழ 1.26 மடங்கு. பத்து மடங்கைப் பத்துப் படிகளில் எட்டும் இத்தகைய எண் வரிசைக்கு ரெனார் வரிசை என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பலூன்களைக் கட்டி நிறுத்தும் வடங்களின் அளவு வகைகள் மிதமிஞ்சிப் பெருகியிருந்ததைக் கண்ட சார்ல் ரெனார் என்ற பிரெஞ்சு இராணுவப் பொறியாளர், அவற்றைச் சில அளவுகளாகச் சுருக்குவதற்கு இந்த முறையைக் கையாண்டார். பிற்காலத்தில் அது பன்னாட்டுத் தரநிலையாகவும் ஆனது. அந்த வரிசையின் எண்கள் 8, 10, 12.5, 16, 20, 25, 31.5, 40. கம்பி அளவுகளோடு ஒப்பிட்டால் 12.5 என்பது 12 ஆகவும், 31.5 என்பது 32 ஆகவும் முழுமையாக்கப்பட்டிருப்பது மட்டுமே வேறுபாடு. விட்டம் 1.26 மடங்கானால் பரப்பும் எடையும் ஏறத்தாழ 1.58 மடங்காகும், மூன்று படி ஏறினால் விட்டம் இரட்டிக்கும், எடை நான்கு மடங்காகும். 8-க்கு 16, 10-க்கு 20, 16-க்கு 32, 20-க்கு 40 என்று இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

அந்த அரை மில்லிமீட்டரைக் குறைத்ததற்கு ஒரு விலை உண்டு. 10-லிருந்து 12-க்குப் போனால் எடை 44 விழுக்காடுதான் கூடுகிறது. 12-லிருந்து 16-க்குப் போனால் 78 விழுக்காடு கூடுகிறது. வரிசையின் மிக அகலமான இடைவெளி இதுதான். 12 போதாமலும் 16 மிகையாகவும் தோன்றும் தூண்களும் உத்தரங்களும் வடிவமைப்பாளரைத் தொல்லைப்படுத்துவது இந்த இடத்தில்தான். ஐரோப்பியத் தரநிலை 14 மி.மீ. அளவையும் தன் பட்டியலில் வைத்திருப்பதன் பயன் இங்கே தெரிகிறது. இதேபோல் 25-க்கும் 32-க்கும் நடுவே 28 மி.மீ. சில நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அளவுகளை நெருக்கிக்கொண்டே போவதும் நல்லதல்ல. 25 மி.மீ. கம்பியையும் 28 மி.மீ. கம்பியையும் தூசியும் துருவும் படிந்த நிலையில் கண்ணால் பிரித்தறிவது கடினம். இரண்டுக்கும் இடையே பரப்பில் 25 விழுக்காடு வேறுபாடு இருக்கிறது. அனுபவமுள்ள வடிவமைப்பாளர்கள் ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்த அளவுகளைக் கலக்காமல், ஓர் அளவை விட்டு ஓர் அளவு பயன்படுத்துவதற்கு இந்தக் குழப்பமே காரணம். காகிதத்தில் ஓரளவு எஃகு கூடுதலானாலும், இடம் மாறிக் கட்டப்படும் ஆபத்து குறைகிறது.

மெட்ரிக் உலகத்துக்கு வெளியே காலெடுத்து வைத்தால், அதே எஃகு வேறு பெயர்களில் வருகிறது. அமெரிக்காவில் கம்பிக்கு எண் கொடுக்கிறார்கள். அந்த எண் விட்டம் அங்குலத்தின் எட்டில் எத்தனை பங்கு என்பதைக் குறிக்கிறது. 3-ஆம் எண் கம்பி எட்டில் மூன்று அங்குலம், அதாவது 9.5 மி.மீ.; 4-ஆம் எண் அரை அங்குலம்; 8-ஆம் எண் ஓர் அங்குலம். இங்கும் எடைக்கு ஓர் எளிய வழி இருக்கிறது: எண்ணை எண்ணாலேயே பெருக்கி 24-ஆல் வகுத்தால் ஓர் அடிக்கு இத்தனை பவுண்டு என்று கிடைத்துவிடும். 8-ஆம் எண்ணுக்கு இது 2.67 பவுண்டு, தரநிலை சொல்வதும் அதுவே.

9-ஆம் எண்ணிலிருந்து இந்த நேர்த்தி குலைகிறது. குலைவதற்கான காரணமோ சுவையானது. எர்னஸ்ட் ரான்சம் 1884-இல் காப்புரிமை பெற்ற கம்பி, சதுரக் குறுக்குவெட்டு கொண்ட தண்டைக் குளிர்நிலையில் முறுக்கி உண்டாக்கியது. அந்த மரபில் பெரிய அளவுகள் நெடுங்காலம் சதுரக் கம்பிகளாகவே புழங்கின. பிறகு அவற்றுக்கு மாற்றாக வட்டக் கம்பிகள் வந்தபோது, பழைய வரைபடங்களும் அட்டவணைகளும் பயனற்றுப் போகாதிருக்க, சதுரக் கம்பியின் பரப்பை அப்படியே தக்கவைத்துக்கொண்டு விட்டத்தை அதற்கு ஏற்ப அமைத்தார்கள். ஓர் அங்குலச் சதுரத்தின் பரப்பு ஒரு சதுர அங்குலம். அதற்குச் சமமான வட்டக் கம்பியின் விட்டம் 1.128 அங்குலம், அதுவே 9-ஆம் எண்.  10-ஆம் எண் ஒன்றே எட்டில் ஒரு பங்கு அங்குலச் சதுரத்துக்கு ஈடானது. 11-ஆம் எண் ஒன்றேகால் அங்குலத்துக்கும், 14-ஆம் எண் ஒன்றரை அங்குலத்துக்கும், 18-ஆம் எண் இரண்டு அங்குலத்துக்கும் ஈடானவை. 14-ஆம் எண்ணின் பரப்பு 2.25 சதுர அங்குலம், 18-ஆம் எண்ணின் பரப்பு சரியாக 4 சதுர அங்குலம் என்று வருவது அந்தச் சதுரங்களின் மிச்சம். 24-ஆல் வகுக்கும் சூத்திரம் 14-ஆம் எண்ணில் ஏறத்தாழ 7 விழுக்காடு மிகையாகக் காட்டுவதும் இதனால்தான். அங்கே அட்டவணையைப் பார்ப்பதே முறை.

அமெரிக்கக் கம்பிகளுக்கு மெட்ரிக் எண்களும் சூட்டப்பட்டபோது கம்பியை மாற்றவில்லை, பெயரை மட்டும் மாற்றினார்கள். 3-ஆம் எண் 10 ஆயிற்று, 4-ஆம் எண் 13 ஆயிற்று, 5-ஆம் எண் 16 ஆயிற்று, 10-ஆம் எண் 32 ஆயிற்று. விளைவாக, 10-ஆம் எண் என்று மட்டும் எழுதியிருந்தால் அது 9.5 மி.மீ. கம்பியாகவும் இருக்கலாம், 32 மி.மீ. கம்பியாகவும் இருக்கலாம், எடையில் இரண்டுக்கும் பதினொரு மடங்குக்கு மேல் வேறுபாடு. அந்த அளவுக்குப் பெரிய தவறு களத்தில் கண்ணுக்குப் பட்டுவிடும் என்பது ஓர் ஆறுதல். ஆபத்தானவை கண்ணுக்குப் படாத சிறு வேறுபாடுகள். ஜப்பானியத் தரநிலையின் டி10 கம்பியின் உண்மையான பெயரளவு விட்டம் 9.53 மி.மீ., எடை மீட்டருக்கு 0.560 கிலோ. மெட்ரிக் 10 மி.மீ. கம்பியோ 0.617 கிலோ. 10 என்ற எண்ணை நம்பி ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால், யாரும் அறியாமலே 9 விழுக்காடு எஃகு காணாமற்போகும். டி13, டி16, டி19, டி22 என்று தொடரும் அந்த வரிசையும் அங்குலத்தின் எட்டுப் பங்குகளை மெட்ரிக்கில் எழுதியதே.

என் பார்வையில், இந்தப் பெயர்களில் மிகவும் நேர்மையானது கனடாவின் முறை. அங்கே விட்டத்தை அல்லாமல் பரப்பை முழு எண்ணாக வைத்தார்கள். 10எம் என்ற கம்பியின் பரப்பு 100 சதுர மி.மீ., 15எம் 200, 20எம் 300, 25எம் 500, 30எம் 700, 35எம் 1000. கணக்கிடுபவருக்குத் தேவைப்படுவது பரப்பும் எடையும்தான் என்பதால், அவை எளிய எண்களாக இருக்கட்டும் என்ற முடிவு அது. 35எம் கம்பி மீட்டருக்கு 7.85 கிலோ என்று அடர்த்தி எண்ணே அப்படியே எடையாக வந்து நிற்கிறது. விட்டங்களோ 11.3, 16.0, 19.5, 25.2, 29.9, 35.7 என்று ஒழுங்கின்றிக் கிடக்கும். அதைப் பற்றி எவரும் கவலைப்படத் தேவையில்லை, ஏனெனில் அந்த விட்டத்தை எவரும் அளக்கப் போவதில்லை.

எந்த ஆலையும் ஒவ்வொரு கம்பியையும் துல்லியமாக ஒரே எடையில் உருட்டித் தள்ள முடியாது. ஆகவே தரநிலைகள் எடையில் ஓர் ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கின்றன. இந்தியத் தரநிலையான ஐஎஸ் 1786, 10 மி.மீ. வரையுள்ள கம்பிகளுக்கு ஒரு தொகுதியின் சராசரியில் கூடவும் குறையவும் 7 விழுக்காடு, 10-க்கு மேல் 16 வரை 5 விழுக்காடு, 16-க்கு மேல் 3 விழுக்காடு என்று வரம்பு வைக்கிறது. தனிக் கம்பி ஒன்று முறையே 8, 6, 4 விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது. பிரிட்டனின் பிஎஸ் 4449, 8 மி.மீ. வரை 6 விழுக்காடும், அதற்கு மேல் 4.5 விழுக்காடும் இரு பக்கமும் அனுமதிக்கிறது. அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் ஏ615, 6 விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது என்று கீழ் வரம்பை மட்டும் வைத்துவிட்டு, எடை கூடுதலாக இருப்பதைக் காரணம் காட்டி எந்தக் கம்பியையும் நிராகரிக்கக் கூடாது என்கிறது. வாங்குபவரின் பணப்பைக்கும் கட்டடத்தின் பாதுகாப்புக்கும் இடையே எதைக் காப்பது தரநிலையின் வேலை என்ற கேள்விக்கு அந்த ஒற்றை வாக்கியத்தில் விடை இருக்கிறது.

மெல்லிய கம்பிகளுக்குத் தளர்வான வரம்பும் தடித்தவற்றுக்கு இறுக்கமான வரம்பும் ஏன் என்றால், உருட்டாலையின் பிழை மில்லிமீட்டரில் வருகிறது, எடையின் பிழை விழுக்காட்டில் எண்ணப்படுகிறது. விட்டத்தில் 0.1 மி.மீ. பிசகினால் 8 மி.மீ. கம்பியில் எடை 2.5 விழுக்காடு மாறும், 25 மி.மீ. கம்பியில் அதே பிசகு 0.8 விழுக்காடுதான். ஆலையின் இயந்திரம் இரண்டையும் ஒரே கவனத்தோடுதான் உருட்டுகிறது. வர்க்கத்தின் கணக்கு மெல்லியதைக் கடுமையாகத் தண்டிக்கிறது.

தொகுதிக்கும் தனிக் கம்பிக்கும் வெவ்வேறு வரம்புகள் இருப்பதைப் பணியிடத்தில் பலரும் கவனிப்பதில்லை. ஒரு 12 மி.மீ. கம்பி 5.5 விழுக்காடு குறைவாக இருந்தால் இந்தியத் தரநிலைப்படி அதைத் தனியாக ஏற்கலாம். ஆனால் வந்து இறங்கிய கம்பிகள் அனைத்தும் அதே போல் 5.5 விழுக்காடு குறைந்திருந்தால் தொகுதியை ஏற்க முடியாது. 12 மீட்டர் நீளத்தில் நூறு கம்பிகளின் கணக்கெடை ஏறத்தாழ 1,066 கிலோ. எடைமேடையில் 1,012 கிலோவுக்குக் கீழே காட்டினால், ஒவ்வொரு கம்பியும் தன்னளவில் தேறியிருந்தாலும், அந்தச் சுமை தேறவில்லை. ஒற்றைத் துண்டை மட்டும் எடைபோட்டுத் திருப்தியடைவது ஏன் போதாது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். துண்டை எடைபோடும்போதும் நீளத்தை முனையிலிருந்து முனைவரை சரியாக அளக்க வேண்டும். ஐஎஸ் 1786 குறைந்தது அரை மீட்டர் நீளத்தைக் கேட்கிறது. அரை மீட்டர் துண்டில் 5 மி.மீ. நீளப் பிழை செய்தால் விடையில் ஒரு விழுக்காடு போய்விடும், 16 மி.மீ.க்கு மேற்பட்ட கம்பிக்கு அனுமதிக்கப்படும் தொகுதி வரம்பில் அது மூன்றில் ஒரு பங்கு. ஒரு மீட்டர் துண்டு எடுப்பது சிரமமல்ல, பிழையும் பாதியாகும். துண்டின் முனைகள் சாய்வாக வெட்டப்படாமல் நேராக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எடைக்குறைவு எங்கே வலிக்கிறது என்பதைப் பார்க்க, வலிமைச் சோதனை எப்படி நடக்கிறது என்று அறிய வேண்டும். கம்பியை இழுத்து, அது நெகிழத் தொடங்கும் விசையைப் பரப்பால் வகுத்தால் தகைவு கிடைக்கிறது. ஒரு சதுர மி.மீட்டருக்கு 500 நியூட்டன் என்பது 500 தரக் கம்பிக்கான கீழ் எல்லை. கேள்வி, எந்தப் பரப்பால் வகுப்பது என்பதுதான். அமெரிக்கத் தரநிலை பெயரளவுப் பரப்பால் வகுக்கச் சொல்கிறது. எடையிலிருந்து கண்டுபிடித்த உண்மைப் பரப்பால் வகுத்தால் எஃகின் தன்மை சரியாகத் தெரியும், கம்பியின் தாங்குதிறன் தெரியாது. 12 மி.மீ. கம்பியின் பெயரளவுப் பரப்பு 113 சதுர மி.மீ.; 500 தரத்தில் அது குறைந்தது 56.5 கிலோநியூட்டன் இழுவிசை தாங்க வேண்டும். 10 விழுக்காடு இலேசான கம்பியின் உண்மைப் பரப்பு 102 சதுர மி.மீ. அளவில் இருக்கும், நல்ல எஃகாக இருந்தால் ஆய்வகத்தில் 500 என்றே அறிக்கை வரும், ஆனால் அந்தக் கம்பி 51 கிலோநியூட்டனுக்கு அருகிலேயே நெகிழ்ந்துவிடும். வரைபடத்தில் பத்துக் கம்பி கேட்ட இடத்தில் ஒன்பது கட்டியதற்கு அது சமம். ஒன்பது கட்டியிருந்தால் எண்ணிப் பார்க்கும் மேற்பார்வையாளர் கண்டுபிடித்திருப்பார். பத்தும் இலேசாக இருந்தால் எண்ணிக்கை சரியாகவே இருக்கும். வலிமை அறிக்கையோடு எடை அறிக்கையையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுதான்.

ஆலையின் பக்கத்திலிருந்து பார்த்தால், உருளைகளில் வெட்டப்பட்ட காடிகள் உருட்ட உருட்டத் தேய்ந்து அகல்கின்றன. ஆகவே புதிய உருளையில் உருளும் கம்பி இலேசாகவும், தேய்ந்த உருளையில் உருளும் கம்பி கனமாகவும் வருவது இயல்பு. கட்டுப்பாடு நன்றாக உள்ள ஆலை இந்த மாற்றத்தை வரம்புக்குள் வைத்துக்கொள்கிறது. வரம்பின் கீழ் விளிம்பை ஒட்டியே தொடர்ந்து உருட்டுவதும் தரநிலையை மீறியதாகாது. அதனால் யாருக்கு இலாபம் என்பது விற்கும் முறையைப் பொறுத்தது. எடைமேடையில் நிறுத்தி உண்மை எடைக்கு விற்றால், இலேசான கம்பியில் ஒரு டன்னுக்கு அதிக மீட்டர் கிடைக்கும். வாங்குபவருக்கு அது ஆதாயம் போலவே தோன்றும், கட்டமைப்போ அந்த ஆதாயத்தின் சுமையைத் தாங்க வேண்டியிருக்கும். கம்பிகளை எண்ணி, அட்டவணை எடையால் பெருக்கிக் கணக்கெடைக்கு விற்றால், இலேசான ஒவ்வொரு கம்பியும் விற்பவருக்கு ஆதாயம். கனமான கம்பி வந்தால் இரண்டு முறைகளிலும் இந்த நிலை தலைகீழாகும். எந்த முறையில் வாங்குகிறோம் என்பதை ஒப்பந்தத்தில் எழுதாமல் விடுவதே பெரும்பாலான சச்சரவுகளின் ஊற்று. நீளமும் இதில் சேரும்: 12 மீட்டரும் 40 அடியும் ஒன்றென்று பேச்சில் சொல்லப்பட்டாலும், 40 அடி என்பது 12.19 மீட்டர், 16 மி.மீ. கம்பியில் அந்த வேறுபாடு கம்பிக்கு 300 கிராம்.

ஒரே எடை எஃகை எந்த அளவுகளில் பங்கிடுவது என்பது வடிவமைப்பின் கேள்வி. 20 மி.மீ. கம்பி ஒன்றும் 10 மி.மீ. கம்பிகள் நான்கும் பரப்பிலும் எடையிலும் சமம். ஆனால் நான்கு சிறிய கம்பிகளின் மொத்தச் சுற்றளவு ஒற்றைப் பெரிய கம்பியின் சுற்றளவைப் போல் இரண்டு மடங்கு. கான்கிரீட்டும் எஃகும் ஒன்றையொன்று பற்றிக்கொள்வது இந்தப் பரப்பின் வழியாகத்தான் என்பதால், சிறிய கம்பிகள் நன்றாகப் பற்றும். விரிசல்களும் அகலமான சிலவாக அல்லாமல் மெல்லிய பலவாகப் பரவும். தளங்களில் 8, 10, 12 மி.மீ. கம்பிகள் ஆட்சி செய்வதற்கு இது ஒரு காரணம். தளத்தில் கணக்கும் எளிது: 10 மி.மீ. கம்பியை 150 மி.மீ. இடைவெளியில் வைத்தால் ஒரு மீட்டர் அகலத்துக்கு 524 சதுர மி.மீ. பரப்பு, ஒரு சதுர மீட்டர் தளத்துக்கு ஒரு திசையில் 4.11 கிலோ. அதே பரப்பை 12 மி.மீ. கம்பியால் கொடுக்க இடைவெளியை 215 மி.மீ. வரை விடலாம், எடை மாறாது, கட்டவேண்டிய முடிச்சுகள் குறையும், விரிசல் கட்டுப்பாடு சற்றுத் தளரும்.

உத்தரங்களிலும் தூண்களிலும் சிறிய கம்பிகளை நெருக்கினால் கான்கிரீட் உள்ளே இறங்க வழியில்லாமல் போகும். அங்கே பெரிய கம்பிகள் தேவை. அவற்றோடு லேப் எனப்படும் மேற்படிவின் செலவும் வருகிறது. ஒரு கம்பி முடியும் இடத்தில் அடுத்ததை அதன் அருகே இணையாக வைத்துக் கட்டும் நீளம், விட்டத்தின் இத்தனை மடங்கு என்றே சொல்லப்படும். 50 மடங்கு என்று வைத்துக்கொண்டால் 10 மி.மீ. கம்பிக்கு அரை மீட்டர், எடை 0.31 கிலோ, 20 மி.மீ. கம்பிக்கு ஒரு மீட்டர், எடை 2.47 கிலோ; 32 மி.மீ. கம்பிக்கு 1.6 மீட்டர், எடை 10 கிலோவுக்குச் சற்று மேல். நீளமும் விட்டத்தோடு வளர்கிறது, மீட்டர் எடையும் விட்டத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது. ஆகவே லேப்பின் எடை விட்டத்தின் முப்படியோடு (விட்டம் × விட்டம் × விட்டம்) வளர்கிறது. விட்டம் இரட்டித்தால் ஒவ்வோர் இணைப்பிலும் எட்டு மடங்கு எஃகு போகிறது. மிகப் பெரிய கம்பிகளில் வீணாவது எஃகு மட்டுமல்ல, அத்தனை விசையையும் கான்கிரீட்டின் வழியே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்துவதும் நம்பத்தக்கதாக இருப்பதில்லை. இந்தியாவின் கான்கிரீட் விதிநூலான ஐஎஸ் 456, மிகப் பெரிய கம்பிகளில் லேப் கூடாது என்பதும், அமெரிக்க விதிகள் 14, 18-ஆம் எண் கம்பிகளைப் பொதுவாக லேப் செய்ய விடாததும் இதனால்தான். அங்கே கப்ளர் எனப்படும் திருகு இணைப்புகளோ பற்றவைப்போ வந்துவிடுகிறது.

முழுக் கட்டடத்துக்கான மதிப்பீட்டைச் சரிபார்க்க அடர்த்தியிலிருந்தே இன்னொரு எண் கிடைக்கிறது. கான்கிரீட் கன அளவில் ஒரு விழுக்காடு எஃகு இருந்தால், ஒரு கன மீட்டருக்கு 78.5 கிலோ. ஒரு தூணில் 2 விழுக்காடு நீளக் கம்பி என்று வரைபடம் சொன்னால் கன மீட்டருக்கு 157 கிலோ. அதன்மேல் வளையங்களும் லேப்களும் சேரும். ஒவ்வொரு கம்பியின் அளவையும் நீளத்தையும் எண்ணிக்கையையும் பட்டியலிடும் கம்பி வளைப்பு அட்டவணையின் மொத்தம் இந்த எண்ணிலிருந்து வெகுதூரம் விலகி நின்றால், எங்கோ ஒரு வரி இருமுறை எண்ணப்பட்டிருக்கிறது அல்லது விடுபட்டிருக்கிறது. அட்டவணை எடையோடு வெட்டுக் கழிவையும் கட்டுக்கம்பியையும் தனியே சேர்க்க வேண்டும். 12 மீட்டர் கம்பியில் 5.2 மீட்டர் துண்டுகள் இரண்டை வெட்டினால் மிஞ்சும் 1.6 மீட்டருக்கு வேறு இடத்தில் வேலை கொடுக்காவிட்டால் 13 விழுக்காடு கழிவாகிவிடும். வெட்டு நீளங்களை முன்கூட்டியே இணைசேர்த்துத் திட்டமிடுவதில் கிடைக்கும் சேமிப்பு, ஆலையோடு எடை வரம்பைப் பற்றி வாதாடிக் கிடைப்பதைவிடப் பெரும்பாலும் அதிகம்.

162 எல்லாவற்றுக்கும் பொருந்திவிடாது. கண்ணாடி இழைக் கம்பிகளின் அடர்த்தி எஃகின் ஏறத்தாழ கால் பங்குதான் என்பதால் அவற்றுக்கு இந்தச் சூத்திரமே பயன்படாது. துத்தநாகமோ எபாக்ஸியோ பூசிய கம்பிகளில் பூச்சின் எடை எஃகின் எடையாக எண்ணப்பட்டுவிடக் கூடாது. வெளியில் கிடந்து துருவேறிய கம்பியிலும் இதே சிக்கல் உண்டு: துருவும் எடைபோடப்படுகிறது, ஆனால் அது எந்த விசையையும் தாங்குவதில்லை. இதற்கு ஏஎஸ்டிஎம் ஏ615 தரும் வழி எளிமையானது. துரு இருப்பதாலேயே கம்பியை ஒதுக்க வேண்டியதில்லை. மாதிரித் துண்டைக் கம்பித் தூரிகையால் கையால் தேய்த்துச் சுத்தம் செய்த பிறகு, அதன் எடையும் புடைப்புகளின் அளவும் பரப்பும் இழுவலிமையும் குறைந்தபட்ச வரம்புக்குக் கீழே போகாதிருந்தால் அந்தக் கம்பியைப் பயன்படுத்தலாம்.